கெஸ்ட் கெர்னலுக்கு எந்தெந்த ஆப்ஷன் வேண்டும்? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பாலக்கோட்டில் இருக்கும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டது இது. வீட்டில் எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப், அதில் டெபியன். விர்ட்-மேனேஜரில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம்; லேப்டாப் ஹோஸ்ட், அதற்குள் ஓடும் இது கெஸ்ட்) உருவாக்கி, அதற்குத் தானே லினக்ஸ் கெர்னல் கம்பைல் செய்து ஓட்டப் பார்த்திருக்கிறார். முதல் தடவை, பூட் ஃபோல்டரில் இருந்த டெபியன் கான்ஃபிக்கை (கெர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற ஆப்ஷன் பட்டியல்) அப்படியே எடுத்து ஓட்டினார். இரவு முழுக்க ஓடி, டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை, நண்பர் சொன்னதைக் கேட்டு 'லோக்கல்மாட்கான்ஃபிக்' போட்டார். மதியத்துக்குள் முடிந்தது. ஆனால் பூட் செய்தால் 'அன்னோன் பிளாக் (0,0)' என்று கெர்னல் பேனிக், அதாவது மேலே போக முடியாமல் கெர்னல் நின்றுவிட்டது. அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. எந்த கான்ஃபிக்கிலிருந்து தொடங்குவது? எதையெல்லாம் கட்டாயம் உள்ளே வைப்பது? அதே கெர்னல் கல்லூரி லேபில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸிலும் ஓடுமா?

தம்பி, உங்கள் இரண்டாவது முயற்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் செய்தது கிட்டத்தட்ட எல்லாமே சரி. ஒரே ஒரு இடத்தில்தான் தவறியது, அந்த இடம் புரிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

லோக்கல்மாட்கான்ஃபிக், 'எல்எஸ்மாட்' பட்டியலைப் பார்க்கும். அந்த நேரத்தில் மெஷினில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றும் தனி டிரைவர் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை அணைத்துவிடும். நீங்கள் அதை லேப்டாப்பில் ஓட்டினீர்கள். அதனால் வைஃபை, புளூடூத், டச்பேட், வெப்கேம், என்விஎம்இ டிஸ்க் என்று லேப்டாப்பில் இருக்கும் எல்லாவற்றுக்கும் டிரைவர் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் நீங்கள் கட்டிய கெர்னல் அந்த லேப்டாப்பைப் பார்க்கப் போவதே இல்லை. அது கண் விழிப்பது க்யூஇமு (விஎம்மின் ஹார்டுவேரைப் போல நடிக்கும் புரோகிராம்) காட்டும் வேறொரு மெஷினில். அங்கே வைஃபை கிடையாது, டச்பேட் கிடையாது. ஒரு பிசிஐ பஸ், அதில் விர்ட்டியோ (விஎம்முக்கென்றே உருவாக்கிய டிவைஸ் வகை) டிஸ்க், விர்ட்டியோ நெட்வொர்க் கார்டு, ஒரு சீரியல் போர்ட், இன்னும் இரண்டு மூன்று சாமான்கள், அவ்வளவுதான். டெபியன் கான்ஃபிக்கில் விர்ட்டியோ பிசிஐயும் விர்ட்டியோ டிஸ்க் டிரைவரும் மாட்யூலாக இருப்பவை. உங்கள் லேப்டாப் அவற்றை ஒருநாளும் ஏற்றியிருக்காது, அதற்குத் தேவையே இல்லை. ஆகவே இரண்டும் வெட்டுப்பட்டன. கெஸ்ட் எழுந்தது, டிஸ்க்கைத் தேடியது, கிடைக்கவில்லை, நின்றது.

கெஸ்ட் கெர்னல் கட்டும்போது மேசை மேல் இருக்கும் மெஷினை மறந்துவிடுங்கள். விர்ட்-மேனேஜரில் அந்த விஎம்மின் ஹார்டுவேர் பட்டியலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கான்ஃபிக் பொருந்த வேண்டியது அந்தப் பட்டியலுக்கு. லோக்கல்மாட்கான்ஃபிக்தான் வேண்டுமென்றால், கெஸ்டில் டெபியனின் கெர்னல் ஓடும்போது அதற்குள்ளே எல்எஸ்மாட் போட்டு ஒரு ஃபைலில் சேமியுங்கள். அதை லேப்டாப்புக்குக் கொண்டு வந்து, மேக் கட்டளையில் 'எல்எஸ்மாட்=ஃபைல்பெயர்' என்று கொடுங்கள். அப்போது சரியான மெஷினைப் பார்த்து வெட்டும்.

ஆனால் படிக்கிற ஆளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் ஒன்று இருக்கிறது. கெர்னல் மூலத்தோடேயே வருகிறது:

மேக் டெஃப்கான்ஃபிக்
மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக்

முதல் கட்டளை அந்த ஆர்க்கிடெக்சருக்குக் கெர்னல்காரர்களே வைத்திருக்கும் நடுத்தரமான கான்ஃபிக்கைத் தரும். இரண்டாவது, 'கெர்னல்/கான்ஃபிக்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் ஒரு சின்னத் துண்டை அதன் மேல் ஒட்டும். கேவிஎம்முக்குள் (விஎம் ஓட்ட லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள வசதி) பூட் ஆகத் தேவையான விர்ட்டியோ பிசிஐ, டிஸ்க், நெட்வொர்க், கன்சோல், சீரியல் போர்ட், 9பி ஃபைல் பகிர்வு எல்லாம் அதில் 'ஒய்' என்று இருக்கும். அந்தத் துண்டை ஒருமுறை திறந்து படியுங்கள். சில பத்து வரிகள்தான். எந்தப் பாடப்புத்தகத்தையும் விட ஒரு கெஸ்டுக்கு என்ன வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்லும். பழைய கட்டுரைகளில் 'மேக் கேவிஎம்கான்ஃபிக்' என்று பார்ப்பீர்கள். அந்தக் குறுக்குப் பெயரை எடுத்துவிட்டார்கள், இப்போது ஓடாது.

மிகச் சிறிய கான்ஃபிக்கான டைனிகான்ஃபிக்கிலிருந்து தொடங்கச் சொல்பவர்களும் உண்டு. அதில் பிரின்ட்கே கூட அணைந்திருக்கும். என்ன தவறு என்று சொல்லக்கூட கெர்னலுக்கு வாய் இருக்காது. இரண்டு மூன்று கெர்னல் கட்டிய பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

முதல் முயற்சி ஏன் டிஸ்க்கை நிரப்பியது என்பதையும் பார்த்துவிடலாம். டிஸ்ட்ரோ கான்ஃபிக் உலகத்தில் உள்ள எல்லா மெஷினிலும் ஓட வேண்டியது. ஆயிரக்கணக்கான மாட்யூல்கள். போதாததற்கு டீபக் இன்ஃபோ (பிழை தேட உதவும் கூடுதல் தகவல்) இயங்கியிருக்கும். அது இருந்தால் பில்ட் ஃபோல்டர் 20 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் கட்டத்தில் எட்டு ஜிபி ராம் திணறிவிடும். மெனுகான்ஃபிக்கில் (ஆப்ஷன்களை மெனுவாகக் காட்டும் திரை) 'கெர்னல் ஹேக்கிங்' பகுதியில் டீபக் இன்ஃபோவை 'டிசேபிள்' என்று வையுங்கள். பிறகு ஜிடிபி வைத்து கெர்னலுக்குள் நடக்க ஆசை வந்தால் அப்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டெபியன் கான்ஃபிக்கோடு தொடங்கினால் சான்றிதழ் ஃபைலைக் காணோம் என்று நடுவில் நிற்கும் பிரச்சினையும் வரும். 'சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ்' என்ற ஆப்ஷனில் டெபியன்காரர்கள் தங்கள் மூலத்தில் உள்ள ஒரு ஃபைலின் பாதையை எழுதியிருப்பார்கள். உங்கள் மூலத்தில் அது இல்லை. மேற்கோள்குறிக்குள் இருப்பதை அழித்துக் காலியாக விட்டால் போதும்.

அடுத்தது ஒய்யா எம்மா என்ற விஷயம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் தடுமாறும் இடம் இது. ஆப்ஷன் பெயர்களை எல்லாம் முன்னால் வரும் 'கான்ஃபிக்_' இல்லாமல் எழுதுகிறேன். மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி அந்தப் பெயரைத் தேடினால் எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும்.

ஒய் என்றால் டிரைவர் கெர்னல் இமேஜுக்குள்ளேயே இருக்கிறது. எம் என்றால் டிஸ்க்கில் தனி ஃபைலாக இருக்கிறது. நீங்கள் விர்ட்-மேனேஜரில் டைரக்ட் கெர்னல் பூட் முறையில் (ஹோஸ்டில் உள்ள கெர்னல் ஃபைலை நேராகக் காட்டுவது), இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க்கைத் திறக்கும் முன்பே டிரைவர்களோடு மெமரியில் ஏறும் சின்ன ஃபைல் சிஸ்டம்) இல்லாமல் ஓட்டுகிறீர்கள். அப்படியானால் டிஸ்க்கைத் திறக்கும் டிரைவர் டிஸ்க்குக்குள் இருந்து பயன் இல்லை. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும். ஆகவே ரூட் ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகும் வரைக்குமான வழியில் உள்ள ஒவ்வொன்றும் ஒய்யாக இருக்க வேண்டும்: பிசிஐ, விர்ட்டியோ_பிசிஐ, விர்ட்டியோ_பிஎல்கே, இஎக்ஸ்டி4. கூடவே டெவ்டிஎம்பிஎஃப்எஸ், டெவ்டிஎம்பிஎஃப்எஸ்_மவுன்ட் இரண்டும், இஎல்எஃப் புரோகிராம்களை ஓட்டும் பின்எஃப்எம்டி_இஎல்எஃப்பும். நெட்வொர்க் டிரைவர் மாட்யூலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கெஸ்டுக்கு அதையும் ஒய்யாகவே வைத்துவிடுங்கள். மாட்யூல்களை கெஸ்டின் டிஸ்க்குக்குள் நகலெடுக்கும் வேலையே மிச்சம்.

இப்போது ஒரு கண்ணி. கான்ஃபிக் ஃபைலை எடிட்டரில் திறந்து விர்ட்டியோ_பிஎல்கே=ஒய் என்று எழுதுகிறீர்கள். கான்ஃபிக்கைச் சரிபார்த்து, விடுபட்டவற்றை இயல்பு மதிப்பால் நிரப்பும் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் போடுகிறீர்கள். திரும்பப் பார்த்தால் எம் என்று இருக்கிறது, அல்லது வரியையே காணோம். எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. காரணம் இதுதான்: விர்ட்டியோ_பிஎல்கே, 'விர்ட்டியோ' என்ற அடிப்படை ஆப்ஷனைச் சார்ந்தது. அந்த 'விர்ட்டியோ'வை மெனுவில் நேராகப் போட முடியாது. விர்ட்டியோ_பிசிஐ மாதிரியான பஸ் டிரைவர் ஒன்றைப் போட்டால் அது கூடவே இழுத்துக்கொண்டு வரும். பஸ் டிரைவர் எம் என்றால் அடிப்படையும் எம். அடிப்படை எம்மாக இருக்கையில் அதன் மேல் நிற்பது ஒய் ஆக முடியாது, அதுவும் எம்முக்கு இறங்கிவிடும். பஸ் டிரைவரே அணைந்திருந்தால் மொத்தமும் போய்விடும். அதனால் கையால் திருத்திய ஒவ்வொரு முறையும், ஓல்ட்டெஃப்கான்ஃபிக் முடிந்த பிறகு கிரெப் போட்டு விர்ட்டியோ வரிகளைப் பார்த்துவிட்டுத்தான் கம்பைல் செய்யுங்கள். ஒரு நிமிட வேலை. அரை மணி நேர பில்ட் வீணாகாது.

பேனிக் செய்தியைப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. (0,0) என்றால் ரூட் என்று நீங்கள் கொடுத்த பெயரில் எந்த டிஸ்க்கும் கெர்னலுக்குத் தெரியவில்லை. டிரைவர் இல்லை, அல்லது பெயர் தவறு. பேனிக்குக் கொஞ்சம் மேலே, கெர்னலுக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களின் பட்டியல் அச்சாகியிருக்கும். அது காலியாக இருந்தால் டிரைவர் பிரச்சினை. விடிஏ1 இருக்கிறது, நீங்கள் எஸ்டிஏ1 என்று கொடுத்திருக்கிறீர்கள் என்றால் பெயர்ப் பிரச்சினை. அடைப்புக்குள் (254,1) மாதிரி வேறு எண் வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது, மவுன்ட் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இஎக்ஸ்டி4 எம்மாக இருக்கும், இல்லாவிட்டால் கெஸ்டின் டிஸ்க் வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும். இன்னொன்று: டெபியன் கெஸ்டின் கிரப்பில் (கெர்னலை ஏற்றும் பூட் லோடர்) ரூட்=யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) என்று இருப்பதைப் பார்த்து அதையே டைரக்ட் பூட்டிலும் கொடுத்துவிடுவார்கள். ஃபைல் சிஸ்டம் யுயுஐடியைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை, வெறும் கெர்னலுக்கு அது தெரியாது. பார்ட்யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) என்றால் கெர்னலுக்கே தெரியும். இல்லையென்றால் நேராக /டெவ்/விடிஏ1 என்று கொடுங்கள்.

இந்தச் செய்தியெல்லாம் கண்ணில் பட வேண்டுமே. அதற்கு சீரியல்_8250, சீரியல்_8250_கன்சோல் இரண்டையும் ஒய்யாக வைத்து, கெர்னல் வரியில் (பூட்டின்போது ரூட்= மாதிரியானவற்றைக் கெர்னலுக்குக் கொடுக்கும் வரி) கன்சோல்=டிடிஒய்எஸ்0 சேருங்கள். விஎம்மின் கிராஃபிக்ஸ் திரையை நம்பாதீர்கள். அங்கே மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்க்க வழியில்லை. சீரியலில் வந்தால் முழுவதையும் ஒரு ஃபைலில் பிடித்து வைத்துப் பொறுமையாகப் படிக்கலாம்.

ஏன் விர்ட்டியோ என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மனப்பாடமாகப் போட வேண்டாம். க்யூஇமு, இன்டெல்லின் பழைய இ1000 நெட்வொர்க் கார்டைப் போலவும் நடிக்கும். அதற்கான டிரைவரும் கெர்னலில் இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் நிஜக் கார்டின் ரிஜிஸ்டரைத் தொடுவது போல கெஸ்ட் தொடும்போதெல்லாம் சிபியு கெஸ்டை விட்டு வெளியே வந்து, ஹோஸ்ட் அந்த நடிப்பைச் செய்து முடித்து, மறுபடி உள்ளே போக வேண்டும். தக்காளியை ஒவ்வொரு பெட்டியாக பைக்கில் கட்டி பாலக்கோடு மண்டிக்கு ஓட்டுவது மாதிரி. விர்ட்டியோ இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய மெமரியில் ஒரு வளைய வரிசை வைத்துக்கொள்கிறது. கெஸ்ட் அதில் வேலைகளை அடுக்கிவிட்டு ஒரே ஒரு தகவல் தரும். டெம்போவில் மொத்தமாக ஏற்றி ஒரு நடையில் முடிப்பது. கேவிஎம் 2007-இல் 2.6.20 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. அடுத்த ஆண்டே 2.6.24-இல் ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய விர்ட்டியோ வந்துவிட்டது. இன்று வரை அடித்தளம் அதுதான்.

டிஸ்க், நெட்வொர்க்கைத் தாண்டி, தான் கெஸ்டுக்குள் இருக்கிறோம் என்று கெர்னலுக்கே தெரிவிக்கும் ஆப்ஷன்கள் இருக்கின்றன. ஹைப்பர்வைசர்_கெஸ்ட் போட்டால் அதன் அடியில் பாராவிர்ட்டும் கேவிஎம்_கெஸ்டும் தெரியும். இவை இல்லாமலும் பூட் ஆகும், அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கேவிஎம்_கெஸ்ட் இருந்தால் கெஸ்டுக்கு கேவிஎம் கிளாக் கிடைக்கும். கெஸ்டின் சிபியு உண்மையில் ஹோஸ்டில் ஒரு த்ரெட். ஹோஸ்ட் நினைத்தால் அதை நிறுத்தி வைக்கும். நின்ற நேரம் கெஸ்டுக்குத் தெரியாது. கேவிஎம் கிளாக்கில் ஹோஸ்டே நேரக் கணக்கைப் பகிர்ந்த மெமரியில் எழுதித் தருகிறது. கூடவே, டாப் கட்டளையில் 'எஸ்டி' என்ற இடத்தில் ஹோஸ்ட் பறித்துக்கொண்ட நேரமும் தெரியும். கெஸ்ட் ஏன் மந்தமாக இருக்கிறது என்று குழம்பும்போது அந்த ஒரு எண் பெரிய உதவி.

பாராவிர்ட்_ஸ்பின்லாக்ஸ் என்பதையும் போடுங்கள், உங்கள் லேப்டாப் மாதிரி கோர் குறைவாக உள்ள இடத்தில்தான் அதற்கு மதிப்பு. கெஸ்டில் இரண்டு சிபியு கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே போகலாம் என்ற பூட்டு) பிடித்திருக்கும்போதே ஹோஸ்ட் அதை ஓரம் கட்டி, பிரவுசருக்கு நேரம் கொடுத்துவிடுகிறது. இன்னொன்று லாக் எப்போது விடுபடும் என்று சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுவதற்காக ஒரு நிஜ கோரையே தின்னும். இந்த ஆப்ஷன் இருந்தால் சற்று நேரம் சுற்றிவிட்டு அது தூங்கிவிடும். லாக்கை விட்டவர் வந்து எழுப்புவார்.

துண்டு கான்ஃபிக்கில் இல்லாத இரண்டை நான் எப்போதும் சேர்ப்பேன். விர்ட்டியோ_பலூன் ஒன்று. உங்களிடம் இருப்பது எட்டு ஜிபி, கெஸ்டுக்கு இரண்டு கொடுத்துவிட்டுப் பிறகு ஒரு ஜிபியைத் திரும்பக் கேட்க அது வழி செய்யும். ஹெச்டபிள்யூ_ரேண்டம்_விர்ட்டியோ மற்றொன்று, கெஸ்டுக்கு ஹோஸ்டிலிருந்து ரேண்டம் எண்கள் தருவது.

இனி எதை எடுப்பது. சவுண்ட், வயர்லெஸ் லேன், புளூடூத், நிஜ கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர்கள், ஈதர்நெட் பகுதியில் உள்ள கம்பெனி வாரியான பட்டியல் எல்லாவற்றையும் தயங்காமல் எடுக்கலாம். யுஎஸ்பியில் கொஞ்சம் கவனம்: விர்ட்-மேனேஜர் மவுஸுக்காக யுஎஸ்பி டேப்லெட் ஒன்றைச் செருகியிருக்கும். சீரியல் வழியாக மட்டும் வேலை செய்வீர்கள் என்றால் அதுவும் போகலாம்.

ஆனால் ஏசிபிஐயில் (பவர் பட்டன், ஷட்டவுன் போன்றவற்றைக் கவனிக்கும் பகுதி) கை வைக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கிருஷ்ணகிரியில் தெரிந்தவர் ஒருவரின் சின்ன அலுவலகத்தில் ஒரே சர்வரில் மூன்று கெஸ்ட்கள். கெர்னலை இளைக்க வைக்கும் ஆர்வத்தில் ஏசிபிஐ_பட்டனை நான் எடுத்துவிட்டிருந்தேன். விர்ச்சுவல் மெஷினுக்கு எதற்குப் பவர் பட்டன் என்பது என் எண்ணம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. யுபிஎஸ் இறங்கியதும் ஹோஸ்டில் உள்ள ஸ்கிரிப்ட் 'விர்ஷ் ஷட்டவுன்' கொடுத்தது. அந்தக் கட்டளை வழக்கமாகச் செய்வது, கெஸ்டின் பவர் பட்டனை அழுத்துவதுதான். அதைக் கேட்க கெஸ்டில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து ஹோஸ்ட் தன்னை நிறுத்திக்கொண்டது. மூன்று கெஸ்டும் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே வெட்டுப்பட்டன. ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலை வைத்துச் சமாளித்துக்கொண்டது, டேட்டாபேஸ் ஒன்றைச் சரிசெய்ய அந்த மாலை முழுக்க உட்கார வேண்டியிருந்தது. ஏசிபிஐ_பட்டனோடு இன்புட்_இவிடெவ்வும் இருக்க வேண்டும். பட்டன் அழுத்தப்பட்ட செய்தி, சிஸ்டம்டி பக்கம் போய்ச் சேருவது அதன் வழியாகத்தான். நம் பக்கம் கரண்ட் போவது தெரிந்த விஷயம்தானே, புது கெர்னல் கட்டியதும் ஒருமுறை விர்ஷ் ஷட்டவுன் கொடுத்து, கெஸ்ட் தானாக இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கம்பைல் எப்போதும் லேப்டாப்பில்தான், கெஸ்டுக்குள் வேண்டாம். நான்கு கோர் என்றால் மேக் -ஜே4. டெஃப்கான்ஃபிக்கும் கெஸ்ட் துண்டும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு முன்பின்னாக முடிந்துவிடும். 'ஆர்க்/எக்ஸ்86/பூட்' ஃபோல்டரில் பிஇசட்இமேஜ் இருக்கும், அதையே விர்ட்-மேனேஜரில் காட்டலாம். லோக்கல்வெர்ஷனில் உங்களுக்குப் புரியும் ஒரு பெயர் கொடுங்கள், எந்த கெர்னல் ஓடுகிறது என்று யுநேம் சொல்லிவிடும். ஐகான்ஃபிக்கும் ஐகான்ஃபிக்_ப்ராக்கும் போட்டால், கட்டிய கான்ஃபிக்கை ஓடும் கெர்னலிடமிருந்தே /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் வழியாகத் திரும்ப எடுக்கலாம். வேலை செய்யும் ஒரு கான்ஃபிக் கிடைத்தவுடன் 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' போடுங்கள். ஆயிரக்கணக்கான வரி சில நூறாகச் சுருங்கும். அதை கிட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு ஆப்ஷன் மட்டும் மாற்றுங்கள். பத்தை ஒரே நேரத்தில் மாற்றி உடைந்தால் எது உடைத்தது என்று தேடுவதற்கே அந்த ஞாயிறு போய்விடும்.

கடைசியாக, கல்லூரி லேபில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ். அங்கே கெஸ்ட் பார்க்கும் மெஷின் வேறு. டிஸ்க் பெரும்பாலும் சாட்டா கன்ட்ரோலரில் இருக்கும், நெட்வொர்க் கார்டு இன்டெல் இ1000 வகை. எனவே விர்ட்டியோ மட்டும் வைத்துக் கட்டிய கெர்னல் அங்கே போனதும் அதே (0,0) பேனிக்கைக் காட்டும். சாட்டா_ஏஹெச்சிஐ, பிஎல்கே_டெவ்_எஸ்டி, இ1000 மூன்றையும் ஒய்யாகச் சேர்த்துவிட்டால் ஒரே பிஇசட்இமேஜ் இரண்டு இடத்திலும் ஓடும். ரூட் மட்டும் மாறும்: வீட்டில் விடிஏ1, லேபில் எஸ்டிஏ1. ஒரே டிஸ்க் இமேஜின் நகலை இரண்டு இடத்திலும் ஓட்டினால், பார்ட்யுயுஐடி கொடுத்து அதையும் மாற்றாமல் விடலாம். விர்ச்சுவல்பாக்ஸில் டைரக்ட் கெர்னல் பூட் கிடையாது. அங்கே கெஸ்டுக்குள்ளேயே கெர்னலை வைத்து கிரப் வழியாகத்தான் பூட் செய்ய வேண்டும். 'மேக் பின்டெப்-பிகேஜி' போட்டால் டெப் பேக்கேஜ் கிடைக்கும். பென்டிரைவில் எடுத்துப் போய் லேப் கெஸ்டில் டிபிகேஜி -ஐ கொடுங்கள், கிரப் பட்டியலில் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய கெர்னலை மட்டும் நீக்கிவிடாதீர்கள், புதியது எழவில்லை என்றால் கிரப்பில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம்.